எந்த மதத்து நாடு பணக்கார நாடு?



டீக்கடையில் அடிக்கடி ஒரு பேச்சு நடக்கும். ஒருவர் சொல்வார்: "அமெரிக்காவைப் பாருங்க. கிறிஸ்தவ நாடு. எவ்வளவு வசதி!" அடுத்தவர் சொல்வார்: "சவுதியைப் பாருங்க. முஸ்லிம் நாடு. நம்ம ஆளுங்க அங்கே போய்ச் சம்பாதிச்சுத்தானே வீடு கட்டுறாங்க?" மூன்றாமவர், "ஜப்பான்காரன் புத்தரைக் கும்பிடுறான். அவன் செய்யாத சாமான் உண்டா?" என்பார். நான்காமவர் பேப்பரை மடித்து வைப்பார். "சீனாக்கார அரசாங்கம் சாமியே கிடையாதுங்குது. இன்னைக்கு அவன் பொருள்தான் கடை முழுக்க" என்பார். டீ ஆறிப்போகும். பேச்சு முடியாது. சில நாள் அது சண்டையாகவும் மாறிவிடும்.

ஒரு நாட்டுக்குச் செல்வம் எங்கிருந்து வருகிறது? மக்கள் கும்பிடும் சாமியிடமிருந்தா? பயமில்லாமல் பேச முடிவதாலா? வேறு எதனாலாவதா? சுவரில் உலகப் படம் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

இதற்கு விடை தேடும் வழி விவசாயிக்குத் தெரியும். ஒரு உரம் நல்லதா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? பக்கத்துப் பக்கத்து வயலில் ஒரே விதையை விதைப்பார். ஒரே தண்ணீரைப் பாய்ச்சுவார். ஒன்றில் உரம் போடுவார். மற்றதில் போடமாட்டார். அறுவடையில் உண்மை தெரிந்துவிடும். நாடுகளையும் அப்படிப் பார்க்கலாம். மதம் ஒன்றாக இருக்கும் இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வமும் ஒன்றாக இருக்கிறதா?

சவுதி அரேபியாவுக்குத் தெற்கே ஏமன் என்ற நாடு. இரண்டிலும் முஸ்லிம் மக்கள். இரண்டிலும் அரபு மொழி. சவுதியில் 1938-ஆம் ஆண்டு பூமிக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. தோண்டத் தோண்ட வந்தது. ஏமனில் எண்ணெய் கொஞ்சம்தான். போதாததற்கு 2014-ஆம் ஆண்டு உள்நாட்டுச் சண்டை வந்தது. அரபு நாடுகளிலேயே மிகவும் ஏழையான நாடுகளில் ஏமன் ஒன்று. தொழுகை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். அடுப்பு மட்டும் ஒன்றுபோல எரியவில்லை.

நார்வேயும் ஹைட்டியும் கிறிஸ்தவ நாடுகள். நார்வே குளிர் நாடு. அங்கே 1969-ஆம் ஆண்டு கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. அந்தப் பணத்தை அரசாங்கம் வாரி இறைக்கவில்லை. பேரன் பேத்திகளுக்கும் இருக்கட்டும் என்று தனி நிதியாகச் சேர்த்து வைத்தது. ஹைட்டியின் கதை வேறு. பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்து வந்து, அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வைத்திருந்தார்கள். அந்த அடிமைகள் எதிர்த்துப் போராடி 1804-ஆம் ஆண்டு சுதந்திரம் அடைந்தார்கள். 21 வருடம் கழித்துப் பிரான்சிலிருந்து போர்க்கப்பல்கள் வந்தன. தோட்டமும் அடிமைகளும் கைவிட்டுப் போனதற்கு 15 கோடி பிராங்க் நஷ்டஈடு வேண்டும் என்று கேட்டார்கள். பிராங்க் என்பது அப்போது அந்த நாட்டுப் பணம். பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அடிமையாக இருந்தவரே தன் விடுதலைக்கு விலை கட்டினார்! அதற்காக வாங்கிய கடன் 1947-ஆம் ஆண்டு வரை இழுத்தது. வாங்கியவரும் கிறிஸ்தவர். கட்டியவரும் கிறிஸ்தவர்.

நேபாளத்தில் 100 பேருக்கு 80 பேருக்கு மேல் இந்துக்கள். இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் என்ற சின்னத் தீவு இருக்கிறது. அங்கே ஏறக்குறையப் பாதிப் பேர் இந்துக்கள். மற்றவர்கள் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், கொஞ்சம் சீனர்கள். மொரீஷியஸ் மக்களின் சராசரி வருமானம் நேபாளத்தைப்போலப் பல மடங்கு. இந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத்தான் வேண்டும். கரும்பு வெட்டுவதற்காக வெள்ளைக்காரர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன கூலி ஆட்களின் பிள்ளைகளும் பேரர்களும்தான் அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர். பீகார்க்காரர்கள், தமிழர்கள், தெலுங்கர்கள் எல்லாரும் உண்டு. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை. ரம்ஜானுக்கும் விடுமுறை. கிறிஸ்துமசுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் விடுமுறை.

1961-ஆம் ஆண்டு ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார அறிஞர் அந்தத் தீவைப் பற்றி எழுதினார். அவர் பிற்பாடு நோபல் பரிசு வாங்கியவர். ஜனத்தொகை பெருகுகிறது, கரும்பை விட்டால் வேறு பிழைப்பு இல்லை, இங்கே நிம்மதியான வாழ்வுக்கு வழி தெரியவில்லை என்பது அவர் கணிப்பு. 1968-ஆம் ஆண்டு மொரீஷியஸ் சுதந்திரம் அடைந்தது. கரும்பில் வந்த பணத்தைத் துணி ஆலைகளில் போட்டார்கள். பிள்ளைகளை இலவசமாகப் படிக்க வைத்தார்கள். ஓட்டுப் போட்டு அரசாங்கத்தைப் பல முறை மாற்றினார்கள். பெரிய அறிஞரின் கணக்குத் தப்பிப்போனது.

இன்னும் ஒரு ஜோடி. அது கொரியா. ஒரே மக்கள், ஒரே மொழி, ஒரே சாப்பாடு. 1945-ஆம் ஆண்டு, சகோதரர்கள் வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தது போல, அந்த நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். இன்று தென்கொரியாவில் கார் செய்கிறார்கள், கப்பல் கட்டுகிறார்கள். வடகொரியாவில் 1990-களில் பஞ்சம் வந்து பல லட்சம் பேர் செத்துப்போனார்கள். இரவில் வானத்திலிருந்து எடுத்த படம் இருக்கிறது. தெற்கே விளக்கு வெளிச்சம். வடக்கே இருட்டு.

ஆக, எந்த மதம் என்பதைப் பார்த்து ஒரு நாட்டின் செல்வத்தைச் சொல்ல முடியாது. டீக்கடைச் சண்டையில் நாலு பேருமே ஜெயிக்கவில்லை.

ஆனால் மதத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரு நாடு எந்தச் சாமியைக் கும்பிடுகிறது என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. வேறு சாமியைக் கும்பிடுகிறவரை அது எப்படி நடத்துகிறது என்பதால் வித்தியாசம் வந்திருக்கிறது. ஐரோப்பாவின் பழைய கதையைக் கேளுங்கள்.

500 வருடங்களுக்கு முன்னால் ஸ்பெயின் பெரிய வல்லரசு. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி வந்து இறங்கியது. 1492-ஆம் ஆண்டு ஸ்பெயினின் ராஜாவும் ராணியும் ஒரு உத்தரவு போட்டார்கள். யூதர்கள் கிறிஸ்தவர்களாக மாற வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். வியாபாரிகளும் வைத்தியர்களும் மூட்டை கட்டினார்கள். முஸ்லிம்களைக் கட்டாயப்படுத்தி மதம் மாற்றினார்கள். மாறிய பிறகும் அவர்களை நம்பவில்லை. 1609-ஆம் ஆண்டு முதல் 1614 வரை, ஏறக்குறைய 3 லட்சம் பேரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அவர்களில் பலர் கைதேர்ந்த விவசாயிகள். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தவர்கள். வலென்சியா என்ற பகுதியில் ஊர் ஊராகக் காலியானது. நிலம் இருந்தது. உழ ஆள் இல்லை. அத்தனை வெள்ளி வந்தும் ஸ்பெயின் அரசாங்கம் பல முறை கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தது. அதற்கு முக்கியக் காரணம் ஓயாத போர்ச் செலவு. உழைக்கிற கைகளைத் துரத்தியது அந்தக் கஷ்டத்தை இன்னும் கூட்டியது.

பிரான்சும் இதையே செய்தது. அங்கே எல்லாரும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் கிறிஸ்தவத்துக்குள் இரண்டு பிரிவு. 1685-ஆம் ஆண்டு 14-ஆம் லூயி ராஜா சின்னப் பிரிவின் வழிபாட்டைத் தடை செய்தார். 2 லட்சம் பேர் அளவுக்கு நாட்டை விட்டு ஓடினார்கள். பட்டு நெசவாளிகள், கடிகாரம் செய்கிறவர்கள், அச்சுத் தொழிலாளிகள். அவர்களை இங்கிலாந்தும் ஹாலந்தும் ஜெர்மனியின் ஒரு ராஜாவும் வாருங்கள் என்று கூப்பிட்டுக் குடி வைத்தார்கள். லண்டன் பட்டுத் தறிகளில் பிரான்சில் பழகிய கைகள் ஓடின.

ஹாலந்து சின்ன நாடு. நிலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு கடல் மட்டத்துக்கும் கீழே. 1579-ஆம் ஆண்டே அங்கே ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். மதத்துக்காக யாரையும் விசாரிக்கக் கூடாது, தண்டிக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். மற்ற நாடுகளில் தடை செய்த புத்தகங்கள் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகின. துரத்தப்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். பணமும் தொழிலும் அவர்களோடு வந்தன. ஆனாலும் அங்கே எல்லாம் சரியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மதத்தைக் கேள்வி கேட்டுப் புத்தகம் எழுதிய கூர்பாக் என்பவர் சிறையில் அடைபட்டு 1669-ஆம் ஆண்டு செத்தார். தன் ஊரில் சகிப்புத்தன்மை காட்டிய அதே ஹாலந்து வியாபாரிகள்தான் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். நம் நெசவாளிகளின் துணியை வாங்கி விற்றார்கள். இந்தக் கரையில் பஞ்சம் வந்த வருடங்களில் பட்டினி கிடந்தவர்களை விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். ஆம்ஸ்டர்டாமின் செல்வத்தில் அந்தப் பணமும் இருக்கிறது.

சரி, பேச்சுரிமைக்கு வருவோம். பயமில்லாமல் பேசவும் எழுதவும் விட்டால் நாடு பணக்கார நாடாகிவிடுமா?

அப்படிச் சொல்லிவிட ஆசைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. சிங்கப்பூர் 1965-ஆம் ஆண்டு தனி நாடானது. இன்று உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்று. அங்கே தமிழும் ஆட்சிமொழி. ஆனால் பத்திரிகை நடத்த அரசாங்கத்திடம் ஆண்டுதோறும் அனுமதி வாங்க வேண்டும். தென்கொரியாவில் தொழிற்சாலைகள் பெருகிய காலம் ராணுவ ஆட்சிக் காலம். அங்கே மக்கள் தெருவில் இறங்கி நேரடித் தேர்தலைப் பெற்றது 1987-ஆம் ஆண்டுதான். சீனாவில் 1978-ஆம் ஆண்டுக்குப் பிறகு 40 வருடங்களில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கொடும் வறுமையிலிருந்து மேலே வந்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பேர் இவ்வளவு சீக்கிரம் மேலே வந்ததில்லை. அங்கே அரசாங்கத்தை எதிர்த்து எழுத முடியாது.

பேசும் உரிமை பணம் காய்க்கும் மரம் இல்லை. அப்படியானால் ஏழைக்கு அதனால் என்ன லாபம்? படித்தவர்களும் பத்திரிகைக்காரர்களும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

இரண்டு பஞ்சங்களைப் பார்த்த பிறகு இதற்குப் பதில் சொல்லுங்கள்.

முதல் பஞ்சம் வங்காளத்தில். 1943-ஆம் ஆண்டு. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பர்மாவை ஜப்பான் பிடித்ததால் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. எதிரி வந்தால் பயன்படுத்திவிடுவான் என்று கடலோரத்துப் படகுகளை வெள்ளைக்கார அரசாங்கம் பிடுங்கியது. படகு போனதும் மீனவர்களின் பிழைப்பு போனது. 1942-ஆம் ஆண்டு அக்டோபரில் புயல் அடித்தது. வியாபாரிகள் அரிசியைப் பதுக்கினார்கள். விலை ஏறிக்கொண்டே போனது. கூலி ஏறவில்லை. நாட்டில் அரிசியே இல்லாமல் போகவில்லை. வாங்கக் காசு இல்லாமல்தான் போனது. கிராமத்து ஜனங்கள் கல்கத்தாவுக்கு நடந்தார்கள். தெருவோரத்தில் விழுந்து செத்தார்கள். இந்துவும் செத்தார், முஸ்லிமும் செத்தார். மொத்தம் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர்.

அரசாங்கம் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் சோறு போட வேண்டும். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. தணிக்கை என்றால், இதைப் போடு, இதைப் போடாதே என்று அதிகாரி சொல்வது. கல்கத்தாவில் 'ஸ்டேட்ஸ்மன்' என்ற ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. அதன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ், ஒரு வெள்ளைக்காரர். 1943 ஆகஸ்டு 22 அன்று, தெருவில் பட்டினியால் கிடப்பவர்களின் படங்களை அவர் அச்சிட்டார். எலும்பும் தோலுமான தாய்மார்களையும் பிள்ளைகளையும் டெல்லி பார்த்தது, வெளிநாடுகளும் பார்த்தன. அதற்குப் பிறகு மூடி மறைக்க முடியவில்லை. அக்டோபரில் வேவல் என்ற புது வைஸ்ராய் கல்கத்தாவுக்கு வந்து பார்த்தார். தானியத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ராணுவத்தை இறக்கினார். அதற்குள் எத்தனையோ லட்சம் பேர் போய்விட்டார்கள். அந்தப் படங்கள் ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

சித்தப்ரசாத் என்ற ஓவியர் அந்த ஊர்களில் நடந்து நடந்து, பார்த்ததைப் படமாக வரைந்து புத்தகம் போட்டார். அரசாங்கம் அந்தப் புத்தகங்களைப் பிடித்து அழித்தது.

இரண்டாவது பஞ்சம் சீனாவில். 1958-ஆம் ஆண்டு முதல் 1961 வரை. அங்கே ஆண்டது வெள்ளைக்காரன் இல்லை. சொந்த அரசாங்கம். ஏழைகளின் அரசாங்கம் என்று சொல்லிக்கொண்ட அரசாங்கம். நாடு ஒரே பாய்ச்சலில் முன்னேற வேண்டும் என்று தலைவர் மாவோ சொன்னார். வயல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தார்கள். வீட்டு அடுப்பை மூடிப் பொதுச் சமையல்கூடம் வைத்தார்கள். இரும்பு உருக்க வேண்டும் என்று வீட்டுச் சட்டி பானையைக்கூட வாங்கிக்கொண்டு போனார்கள். மேலே இருப்பவரைச் சந்தோஷப்படுத்தக் கீழே இருந்தவர்கள் பொய்க் கணக்கு எழுதினார்கள். ஒரு மூட்டை விளைந்த இடத்தில் பல மூட்டை என்று எழுதினார்கள். விளைந்த பயிரின் மேல் குழந்தைகள் நிற்கிற மாதிரிப் பத்திரிகையில் படம் வந்தது. பயிர் அவ்வளவு நெருக்கமாம்! அது ஏமாற்றுப் படம். அந்தப் பொய்க் கணக்கை வைத்து அரசாங்கம் தன் பங்குத் தானியத்தை எடுத்துக்கொண்டது. விவசாயி வீட்டில் மிஞ்சியது வெறும் குதிர். அந்த வருடங்களிலும் வெளிநாட்டுக்குத் தானியம் ஏற்றுமதி ஆனது.

யாருமே சொல்லவில்லையா? சொன்னார் ஒருவர். அவர் பெங் தெகுவாய், நாட்டின் பாதுகாப்பு மந்திரி. 1959-ஆம் ஆண்டு மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி பறிபோனது. மந்திரிக்கே இந்தக் கதி என்றால் கிராமத்தான் வாய் திறப்பானா? சின்யாங் என்ற பகுதியில் வெளியூருக்குப் போன கடிதங்களைத் தபால் ஆபீசிலேயே நிறுத்தி வைத்தார்கள். சாலையில் காவல் போட்டார்கள். அந்த ஒரு பகுதியில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள். நாடு முழுவதும் எத்தனை பேர் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றரைக் கோடி என்பவர் உண்டு, நாலரைக் கோடி என்பவரும் உண்டு. 3 கோடி என்று பலர் சொல்கிறார்கள்.

யாங் ஜிஷெங் என்பவர் அப்போது பள்ளி மாணவர். 1959-ஆம் ஆண்டு அவருடைய அப்பா பட்டினியால் செத்துப்போனார். மகன் அழுதார். ஆனால் அரசாங்கத்தின் மேல் கோபம் வரவில்லை. இது தன் வீட்டுத் துக்கம், தன் ஊரின் கஷ்டம் என்று மட்டும் நினைத்தார். மாநிலம் மாநிலமாக மக்கள் சாகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையில் வரவில்லை. வளர்ந்து அவரே பத்திரிகையாளர் ஆனார். பல வருடம் பழைய பதிவேடுகளைத் தேடிப் படித்தார். 2008-ஆம் ஆண்டு இரண்டு பாகமாகப் புத்தகம் எழுதினார். அதற்குக் 'கல்லறைக் கல்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். புத்தகம் ஹாங்காங்கில் வந்தது. சீனாவுக்குள் தடை. பக்கத்து ஊரிலும் இப்படித்தான் சாகிறார்கள் என்பதை ஒரு மகன் முழுதாகத் தெரிந்துகொள்ள இத்தனை வருடம் ஆனது.

சுதந்திர இந்தியாவிலும் மழை பொய்த்தது. 1972-ஆம் ஆண்டு மகாராஷ்டிராவில் பெரிய வறட்சி. கிணறு வற்றியது, மாடுகள் செத்தன. ஆனால் பத்திரிகைகள் எழுதின, சட்டசபையில் எதிர்க்கட்சிகள் கத்தின, ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். வேலை கொடு என்றார்கள். அரசாங்கம் ரோடு போடவும் குளம் வெட்டவும் ஆள் எடுத்தது. 1973-ஆம் ஆண்டுக் கோடையில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் அந்த வேலைகளில் இருந்தார்கள். கூலி குறைவு, வயிறு நிறையவில்லை. ஆனாலும் வங்காளத்தில் நடந்தது அங்கே நடக்கவில்லை. அமர்த்தியா சென் என்ற அறிஞர் வங்காளப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர். 1998-ஆம் ஆண்டு நோபல் பரிசு வாங்கியவர். ஓட்டும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அவர் எடுத்துக் காட்டினார். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர்கள், இன்று சாகிறவர்களைப் பார்க்காதது போல இருக்க முடியாது.

ஆனால் அதே சென் இன்னொன்றும் சொன்னார். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பஞ்சம் வந்தால் பத்திரிகை கத்தும். தினமும் அரை வயிறு சாப்பிடுகிற வீட்டைப் பற்றிக் கத்தாது. அது செய்தி இல்லை. 2019 முதல் 2021 வரை நம் அரசாங்கமே ஒரு கணக்கு எடுத்தது. 5 வயதுக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் 35 குழந்தைகளுக்கு வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. சத்து போதவில்லை. சீனாவில் இப்படிப்பட்ட குழந்தைகள் மிகக் குறைவு. அங்கே வாயைக் கட்டினார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் கிராமத்துக்குக் கொண்டு போனார்கள். நமக்கு வாய் இருந்தது. ஆனால் சத்தம் போட்டது யாருடைய வாய்? எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் வாய். அவர்கள் வீடுகளில் இப்படிப்பட்ட குழந்தைகள் குறைவு.

நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது. 25-ஆவது பிரிவு விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமை தருகிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஏட்டில் இருப்பதை ஏழைகள் எப்படிக் கையில் எடுத்தார்கள் என்பதற்கு ராஜஸ்தானில் ஒரு கதை இருக்கிறது.

அங்கே வறட்சிக் காலத்தில் ரோட்டு வேலை, குளத்து வேலை நடக்கும். சட்டப்படி உள்ள கூலி கைக்கு வராது. கேட்டால், "நீ செய்த வேலைக்கு இவ்வளவுதான். மஸ்டர் ரோலில் எழுதியிருக்கிறது" என்பார்கள். மஸ்டர் ரோல் என்பது யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று எழுதும் பதிவேடு. அதைக் காட்டு என்றால் காட்டமாட்டார்கள். அரசாங்க ரகசியமாம்! ஏழை வெட்டிய மண்ணின் கணக்கு ஏழைக்கே ரகசியம்.

1990-ஆம் ஆண்டு அங்கே விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும் ஒரு சங்கம் அமைத்தார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று பெயர். அருணா ராய், சங்கர் சிங், நிகில் தே ஆகியோர் அவர்களோடு இருந்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் கூட்டம் போட்டார்கள். எப்படியோ கிடைத்த கணக்குகளை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். இப்படி ஊர் ஊராக நடந்த கூட்டங்களில் எல்லாம் வெளியே வந்தது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது. செத்துப்போனவர் பெயரிலும் எழுதியிருந்தது. கட்டாத கட்டடத்துக்குச் செலவுக் கணக்கு இருந்தது. எழுத்து தெரியாத பெண்களும் எழுந்து நின்று, அது பொய் என்று சொன்னார்கள். படித்தவர் ஒருவர் படித்தார். மற்றவர்கள் சாட்சி சொன்னார்கள். அங்கே யாரும் யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. கூலி போனது எல்லாருக்கும்தான்.

1996 ஏப்ரலில் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்று கோஷம் போட்டார்கள். கடைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. பத்திரிகைகள் எழுதின. நாடு முழுவதும் அந்தக் கோரிக்கை பரவியது. 2005-ஆம் ஆண்டு தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது. தகவல் கேட்டதற்காக அடி வாங்கியவர்களும் உயிர் இழந்தவர்களும் நாட்டில் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. அதனால் தனியாகப் போகாமல் நாலு பேர் சேர்ந்து கேட்பது நல்லது.

இந்தச் சட்டத்தில் என்ன கேட்கலாம்? ரேஷன் கடைக்கு இந்த மாதம் எத்தனை மூட்டை அரிசி வந்தது, யார் யாருக்குப் போனது என்று கேட்கலாம். ஊர் ரோட்டுக்கு எவ்வளவு செலவு எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல் அதிகாரிக்கு அப்பீல் செய்யலாம். எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அந்த அலுவலரே உதவி செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்கிறது.